ஆன்லைன் கிளாஸ் எடுக்கப் போறியா தங்கச்சி? முதல்ல இதைப் படி!

கொரோனாவால 2020 மார்ச்ல பள்ளிக்கூடங்களை மூடினாங்க. நம்ம தமிழ்நாட்டுல ஒண்ணாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் படிக்கிற பிள்ளைங்க திரும்ப வகுப்புக்குள்ள காலெடுத்து வெச்சது 2021 நவம்பர் 1-ம் தேதி. ஒன்றரை வருஷத்துக்கும் மேல! அந்தக் காலத்துல ஸ்கூல் டீச்சர், டியூஷன் எடுக்கிறவங்க, பாட்டு மிஸ், ஆரி வொர்க் சொல்லித் தர்றவங்க, கம்பெனியில புதுசா சேர்ந்தவங்களுக்கு ட்ரெயினிங் கொடுக்கிறவங்கன்னு எல்லாரும் திடுதிப்புன்னு போனுக்கு முன்னால உட்கார வேண்டியதாப் போச்சு. இப்படித்தான் எடுக்கணும்னு சொல்லிக் கொடுக்க யாரும் இல்ல. அப்போ நடந்த தப்புகள் ஒண்ணா ரெண்டா?

கொரோனா ஓய்ஞ்சிடுச்சு, ஆன்லைன் கிளாஸ் ஓயல. மழைன்னு லீவு விட்டா காலையிலயே லிங்க் வந்து நிக்குது. வீட்டுல இருந்தபடியே கிளாஸ் ஆரம்பிக்கிறேன்னு இப்போ நீயும் கிளம்பியிருக்கே. ரொம்ப நல்லது. உனக்கு நேரம் கிடையாதுன்னு தெரியும். அதனால எதைச் செய்யணும், எதைத் தொடவே கூடாதுன்னு மட்டும் சொல்றேன், கேட்டுக்கோ.

1. இருக்கிறதுலயே மோசமான போன் யார்கிட்ட இருக்கோ, அந்தப் பிள்ளைக்காக கிளாஸை அமை

இதை மட்டும் நீ சரியாப் பண்ணிட்டா மீதியெல்லாம் தானா வரும். அதனாலதான் முதல்ல சொல்றேன்.

வீட்டுல ஸ்மார்ட்போன் இருக்குங்கிறதும் பிள்ளை கையில ஸ்மார்ட்போன் இருக்குங்கிறதும் வேற வேற. 2021-ல கிராமப்புற இந்தியாவுல எடுத்த 'அசர்' கணக்கெடுப்புல, பள்ளியில படிக்கிற பிள்ளைகள்ல 67.6 சதவீதம் பேர் வீட்டுல ஸ்மார்ட்போன் இருந்துச்சு. ஆனா அப்படி போன் இருந்த வீடுகள்லயே நாலுல ஒரு பிள்ளைக்குப் படிக்க அது கிடைக்கல. ஏன் கிடைக்கும்? அப்பா காலையில வேலைக்குப் போகும்போது போனும் அவர் சட்டைப்பையிலயே போயிடும். வீட்டுல மூணு பிள்ளை இருந்தா, பத்தாவது படிக்கிற அண்ணனுக்குத்தான் முதல் உரிமை. மூணாவது படிக்கிற தங்கச்சிக்கு மிஞ்சுறது ராத்திரி எட்டு மணிதான்.

அதனால கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு நாலு கேள்வி கேளு:

- போன் யாருடையது?
- எந்த நேரத்துல சும்மா இருக்கும்?
- அதே போன்ல வேற யாரெல்லாம் படிக்கிறாங்க?
- டேட்டா ஒரு நாளைக்கு எவ்வளவு? வீட்டுக்குள்ள சிக்னல் வருமா, மொட்டை மாடிக்குப் போகணுமா?

கேட்டதை ஒரு நோட்டுல எழுதி வை. பாதிப் பேருக்குக் காலையில போன் இல்லைன்னா உன் பத்து மணி கிளாஸைச் சாயங்காலத்துக்கு மாத்து. "எல்லாரும் கண்டிப்பா பத்து மணிக்கு வரணும்"னு அதட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல.

டேட்டா கணக்கையும் மறக்காதே. வீடியோ ஓடினா ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜி.பி. வரைக்கும்கூடக் குடிச்சிடும். ஒரு நாளைக்கு ஒண்ணரை ஜி.பி. பேக் போட்ட வீட்டுல ரெண்டு பிள்ளை படிச்சா மதியத்துக்குள்ள காலி. கல்லூரிப் பிள்ளைங்களுக்கே டேட்டா பத்தலைன்னுதான் 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா கார்டு கொடுக்கிறதா தமிழ்நாடு அரசு அறிவிச்சுது. உன்னால கார்டு கொடுக்க முடியாது, செலவைக் குறைக்க முடியும். பாடத்தோட சாரத்தை நாலு நிமிஷ வாய்ஸ் நோட்டாவும், போர்டுல எழுதினதை ரெண்டு போட்டோவாவும் கிளாஸ் முடிஞ்ச உடனே வாட்ஸ்அப்ல போட்டுடு. கிளாஸுக்கு வர முடியாத பிள்ளை ராத்திரி அதைப் பார்த்துக்கும். ஒரு மணி நேர ரெக்கார்டிங்கை முழுசா அனுப்பாதே. டவுன்லோடு ஆகாது, அப்படியே ஆனாலும் யாரும் பார்க்கப் போறதில்ல.

டேட்டாவே இல்லாத வீட்டுக்கு டிவி இருக்கு. 2019 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச நம்ம கல்வித் தொலைக்காட்சி, ஊரடங்குல எத்தனையோ வீட்டுக்கு அதுவேதான் பள்ளிக்கூடமா இருந்துச்சு. உன் பாடத்துக்குப் பொருந்துற நிகழ்ச்சி எதுன்னு பார்த்துச் சொல்லு.

2. நீ பேசுற நேரத்தைப் பாதியாக் குறை

வகுப்பறையில நாப்பத்தஞ்சு நிமிஷம் பேசினேன், இங்கயும் நாப்பத்தஞ்சு நிமிஷம் பேசுவேன்னு உட்காராதே. அங்கே நீ பேசும்போது ஒருத்தன் ஜன்னலைப் பார்த்தா உனக்குத் தெரியும். பக்கத்துல போய் நின்னா திரும்பிடுவான். இங்கே அவன் அதே போன்லயே கேம் ஆடிட்டிருப்பான், உனக்கு ஒண்ணும் தெரியாது.

அமெரிக்காவுல எட்எக்ஸ்ங்கிற ஆன்லைன் பாடத் தளத்துல மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளை அலசி 2014-ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆறு நிமிஷத்துக்குள்ள இருக்கிற வீடியோவைத்தான் நல்லா பார்க்கிறாங்க, நீளம் கூடக்கூடப் பாதியிலயே விட்டுடறாங்கன்னு அதுல தெரிஞ்சுது. அவங்க தானா வந்து சேர்ந்து படிச்சவங்க. நம்ம வீட்டு ஆறாவது படிக்கிற பையனைப் பத்திக் கேட்கவே வேணாம்.

இப்படிப் பிரிச்சுக்கோ:

- முதல் அஞ்சு நிமிஷம் நேத்துப் பாடத்துல மூணு கேள்வி. "நேத்து என்ன பார்த்தோம்னா..."ன்னு நீயே சொல்லிடாதே. அவங்க வாயிலிருந்து வரட்டும்.
- எட்டு நிமிஷம் புதுப் பாடம். ஒரே ஒரு விஷயம். ரெண்டாவதை நாளைக்கு வை.
- பதினஞ்சு நிமிஷம் அவங்க கையால செய்யணும். கணக்கோ, படமோ, தையலோ, எதுவா இருந்தாலும். கிளாஸ் ஓடிட்டே இருக்கட்டும், நீ வாயைத் திறக்காதே. அமைதியா இருக்கேன்னு பயப்படாதே, படிப்பு அந்த நேரத்துலதான் நடக்குது.
- மிச்ச நேரம் செஞ்சதைக் காட்டச் சொல்லித் திருத்து.

மொத்தம் நாப்பது நிமிஷத்துக்குள்ள அடங்கிடும். ஜூம் இலவசக் கணக்கும் நாப்பது நிமிஷத்துல அறுந்துடும், நடுவுல பேச்சு அறுபடாம தப்பிச்சே. கூகுள் மீட்னா இலவசமா அறுபது நிமிஷம் போகும். அதுக்காக அறுபதையும் நிரப்பணும்னு அவசியமில்ல.

சின்னப் பிள்ளைகளுக்கு அளவு மீறாதே. மத்திய அரசு 2020 ஜூலையில போட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல்லயே எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு நாளைக்கு முப்பதிலிருந்து நாப்பத்தஞ்சு நிமிஷக் கிளாஸ் ரெண்டுக்கு மேல கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. ஒன்பதாவதிலிருந்து நாலு. எல்.கே.ஜி. பிள்ளையை ரெண்டு மணி நேரம் உட்கார வெச்ச இடங்களும் இருந்துச்சு. அந்தக் கொடுமையை நீ செய்யாதே.

3. முகத்தை விட கை நல்லாத் தெரியணும்

லைட்டு, மேக்கப், பின்னால பூ ஜாடின்னு காசு செலவழிக்கிறதை நிறுத்து. உன் முகத்தை முதல் ரெண்டு நிமிஷம் பார்ப்பாங்க, மீதி நேரம் உன் பேனா எங்கே போகுதுன்னுதான் தேடுவாங்க.

ஸ்டாண்டு வாங்கக் காசு இல்லையா? 2020 ஜூன்ல புனேயில ஒரு வேதியியல் டீச்சர், துணி மாட்டுற ஹேங்கர்ல போனை வெச்சுத் துணியால கட்டித் தொங்கவிட்டு, கீழே இருந்த போர்டுல எழுதிப் பாடம் நடத்தின படம் நாடு முழுக்கப் பரவுச்சு. அந்த அம்மாவுக்கு இருந்தது அதுதான், போதுமானதா இருந்துச்சு. நீ ரெண்டு பக்கமும் சம உயரத்துல புஸ்தகத்தை அடுக்கு, நடுவுல ரெண்டு ஸ்கேலைப் பாலமாப் போடு, அதுமேல போனைத் திரை மேலே தெரியுற மாதிரிப் படுக்க வை. பின்பக்க கேமரா ஸ்கேலுக்கு இடையில பார்க்கட்டும். கீழே வெள்ளைத்தாள், தடிமனான ஸ்கெட்ச் பேனா. சின்னத் திரையில பால் பாயின்ட் பேனா எழுத்து தெரியவே தெரியாது.

முன்பக்க கேமராவுல எழுத்து உன் திரையில இடவலமா மாறித் தெரிஞ்சா பதறாதே. ஜூம்லயும் மீட்லயும் எதிர்ல இருக்கிறவங்களுக்கு நேராத்தான் தெரியும். இதை நினைச்சுக்கிட்டு எழுத்தைத் திருப்பித் திருப்பி எழுதிப் பார்க்காதே.

கைவேலை சொல்லிக் கொடுக்கிறவங்க இதை இன்னும் கவனமாக் கேளுங்க. ஆரி வொர்க்ல ஊசி மேலே குத்துறது எல்லாருக்கும் தெரியும். நூலைப் பிடிச்சு ஊசியில சுத்திவிடுற கை ஃப்ரேமுக்கு அடியில இருக்கு, அது எந்த கேமராவுலயும் விழாது! புதுசாக் கத்துக்கிறவங்களுக்குச் சங்கிலித் தையல் வராம போறதே அந்தக் கீழ்க் கையாலதான். அதனால ஃப்ரேமுக்குக் கீழே போனை வெச்சு ரெண்டு நிமிஷ வீடியோ தனியா எடுத்து முன்கூட்டியே அனுப்பிடு. பிளவுஸ் கட்டிங்கா? முதல் நாலு கிளாஸும் பழைய நியூஸ் பேப்பர்லதான். திரையைப் பார்த்து வெட்டும்போது இஞ்ச் தப்பும், நல்ல துணி பாழாகும், மறுநாளே கிளாஸை விட்டு நின்னுடுவாங்க. தேவைப்படுற பொருள் லிஸ்ட் ஒரு வாரம் முன்னாடியே போகணும். இடது கைக்காரங்க யாராவது இருக்காங்களான்னும் கேட்டு வெச்சுக்கோ.

பாட்டு மிஸ்ஸுக்கு ஒண்ணு. சேர்ந்து பாட வைக்காதே. இணையத்துல குரல் வந்து சேரத் தாமதமாகும், தாளம் உதைக்கும். நீ பாடும்போது பிள்ளை மைக்கை அணைக்கட்டும், அது பாடும்போது நீ கேளு. ஜூம் செட்டிங்ல 'ஒரிஜினல் சவுண்ட்'னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுக்கோ. இல்லைன்னா உன் சுருதிப் பெட்டியை இரைச்சல்னு நினைச்சு அதுவே அமுக்கிடும்.

4. சத்தம்

படம் மங்கினா பொறுத்துப்பாங்க, குரல் கேட்கலைன்னா போயிடுவாங்க. போனோட வந்த சாதாரண இயர்போன் மைக்கே போதும். ஃபேனுக்கு நேர் கீழே உட்காராதே. குக்கரை கிளாஸுக்கு முன்னாடியே இறக்கிடு.

5. "புரிஞ்சுதா?"ன்னு கேட்கவே கேட்காதே

"புரிஞ்சுது மிஸ்"னு கோரஸா வரும். ஒண்ணும் புரிஞ்சிருக்காது. பேர் சொல்லி, செய்யுற மாதிரி ஒரு கேள்வி கேளு: "முக்காலும் அரையும் கூட்டினா எவ்வளவு? நோட்டுல போட்டு கேமராவுக்கு முன்னால பிடி." தப்பாப் போட்டவன் பேரைச் சொல்லி எல்லார் முன்னாலயும் மானத்தை வாங்காதே. அங்கே பிள்ளையோட அம்மா, பாட்டி எல்லாம் பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுட்டிருப்பாங்க. கிளாஸ் முடிஞ்சதும் அவன் அடி வாங்குவான்.

6. வீடியோ ஆன் பண்ணுன்னு கட்டாயப்படுத்தாதே

ஒரே அறை வீட்டுல பின்னால தாத்தா படுத்திருப்பார், அம்மா துணி மடிச்சிட்டிருப்பாங்க. வீட்டைக் காட்டக் கூச்சப்பட்டே எத்தனை பிள்ளைங்க கிளாஸுக்கு வராம இருந்துச்சு தெரியுமா? நோட்டைக் காட்டும்போது மட்டும் கேமராவைப் போடட்டும். போதும்.

உனக்கும் இது நல்லதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021-ல வீடியோவுல பேசிப் பேசி வர்ற களைப்பு எதனால வருதுன்னு நாலு காரணம் எழுதினார். கிட்டத்துல பல முகங்கள் நம்மளையே உத்துப் பார்க்கிறது, நம்ம முகத்தை நாமே பார்த்துட்டே இருக்கிறது, அசையாம உட்கார்றது, தலையாட்டுறது சைகை காட்டுறதுக்குக்கூட மூளை கூடுதலா வேலை செய்யுறது. ரெண்டாவதுக்கு உடனே மருந்து இருக்கு. உன் முகத்தை உன் திரையிலிருந்து மறைச்சிடு, செட்டிங்ல இருக்கு. மூணாவதுக்கு, நின்னுட்டு கிளாஸ் எடு.

7. பாதுகாப்புல சோம்பேறித்தனம் கூடவே கூடாது

2020-ல ஊரடங்கு ஆரம்பிச்ச புதுசுல, பாஸ்வேர்டு இல்லாத மீட்டிங்ல எவனெவனோ நுழைஞ்சு அசிங்கப் படத்தை ஓட விட்டான். அதுக்கு அப்புறம்தான் ஜூம் நிறுவனம் பாஸ்வேர்டையும் காத்திருப்பு அறையையும் தானாவே வர்ற மாதிரி வெச்சுது. ஏப்ரல்ல நம்ம உள்துறை அமைச்சகமும் எச்சரிக்கை விட்டுச்சு. அதனால:

- லிங்க்கை ஃபேஸ்புக், ஸ்டேட்டஸ் எதுலயும் போடாதே.
- காத்திருப்பு அறையை அணைக்காதே. பிள்ளைகள் உண்மையான பேர்ல வரட்டும், தெரியாத பேருக்குக் கதவைத் திறக்காதே. எல்லாரும் வந்ததும் பூட்டிடு.
- ஸ்கிரீன் ஷேர் உன் கையில மட்டும் இருக்கணும்.
- வாட்ஸ்அப் குரூப்ல சேர்த்தா ஒவ்வொருத்தர் நம்பரும் மத்தவங்களுக்குத் தெரியும். வயசுப் பொண்ணுங்க நம்பரை இப்படித் தாரை வார்க்காதே. பெத்தவங்க நம்பரை மட்டும் சேர், இல்லைன்னா பிராட்காஸ்ட் லிஸ்ட் போடு. பிராட்காஸ்ட் போகணும்னா அவங்க உன் நம்பரை சேவ் பண்ணியிருக்கணும், அதையும் சொல்லிடு.
- பிள்ளைகிட்டத் தனியா சாட் பண்ணாதே. எதுவா இருந்தாலும் அம்மாவோ அப்பாவோ பார்க்கிற இடத்துல பேசு. இது உன்னையும் காப்பாத்தும்.
- கிளாஸை ரெக்கார்டு பண்ணினா முன்கூட்டியே சொல்லு. பிள்ளைகள் முகம் இருக்கிறதை யூடியூப்ல ஏத்தாதே.

8. ஹோம் ஒர்க்: ஒரு பக்கம், ஒரு போட்டோ

அஞ்சு பாடத்துக்கு அஞ்சு பி.டி.எஃப். கேட்டா அது அம்மாவுக்குக் கொடுக்கிற ஹோம் ஒர்க். அவங்க வேலை முடிஞ்சு வந்து, ஸ்கேன் பண்ணி, பேர் மாத்தி, அனுப்பி முடிக்கிறதுக்குள்ள ராத்திரி பதினொண்ணு ஆயிடும். ஒரு பக்கம் எழுதச் சொல்லு, ஒரே போட்டோ. எல்லாத்தையும் நீ திருத்தவும் வேணாம். நாளுக்கு மூணுல ஒரு பங்குப் பேருக்கு மட்டும் அரை நிமிஷ வாய்ஸ்ல பதில் போடு. "சுமதி, ரெண்டாவது வரியில கடன் வாங்க மறந்துட்டே, அதை மட்டும் திரும்பப் போட்டு அனுப்பு"ன்னு இருக்கணும். "குட்"னு ஒரு ஸ்டிக்கரை ஒட்டறதுல பிள்ளை என்ன கத்துக்கும்?

9. டெஸ்ட் வெச்சா காப்பி அடிப்பாங்க

அதைப் பிடிக்க போலீஸ் வேலை பார்க்காதே. புஸ்தகத்தைத் திறந்து வெச்சே எழுதுன்னு சொல்லிடு, கேள்வியை மாத்து. "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?"ன்னு கேட்டா கூகுள் சொல்லும். "உங்க வீட்டுத் துளசிச் செடியை ஒரு வாரம் அலமாரியில வெச்சா என்ன ஆகும், ஏன்?"னு கேளு. அப்புறம் ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு ரெண்டு நிமிஷம் வாயால சொல்லச் சொல்லு. யார் எழுதினதுன்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

10. கண்

சீனாவுல ஷான்டாங் மாகாணத்து ஃபெய்செங் நகரத்துப் பள்ளிகள்ல வருஷா வருஷம் கண் பரிசோதனை நடக்கும். ஆறு வயசுப் பிள்ளைகள்ல கிட்டப்பார்வை இருந்தவங்க, 2015-லிருந்து 2019 வரைக்கும் எந்த வருஷமும் 5.7 சதவீதத்தைத் தாண்டல. வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த பிறகு 2020-ல பார்த்தா 21.5 சதவீதம்! வெளிய போகாததும், கிட்டத்துலயே பார்த்துட்டிருந்ததும்தான் காரணமா இருக்கும்னு ஆய்வு பண்ணினவங்க சொன்னாங்க. இருவது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருவது அடி தள்ளி இருக்கிற எதையாவது இருவது விநாடி பார்க்கச் சொல்லு. "ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியுது?"ன்னு கிளாஸ் நடுவுலயே கேளு, ஆளுக்கொரு பதில் வரும். ஹோம் ஒர்க்கைத் திரையைப் பார்த்துச் செய்யுற மாதிரி கொடுக்காதே. சாயங்காலம் விளையாட விடுங்கன்னு அம்மாக்களுக்கு நீதான் சொல்லணும், டீச்சர் சொன்னா கேட்பாங்க.

11. ஆன்லைன்ல முடியாததை முடியாதுன்னு சொல்லிடு

ஊசி போடுறது, வயரிங் பண்றது, வெல்டிங், நாடி பிடிச்சுப் பார்க்கிறது இதையெல்லாம் வீடியோவுல காட்டலாம், கையில வராது. பக்கத்துல ஆள் நிக்கணும். இப்படிப்பட்ட ட்ரெயினிங் எடுக்கிறேன்னா, தெரிஞ்சுக்க வேண்டியதை எல்லாம் ஆன்லைன்ல முடிச்சுட்டு, செய்யுறதுக்கு நேர்ல நாள் குறி. சான்றிதழை அதுக்கு அப்புறம் கொடு.

எழுதப் படிக்கக் கத்துக்கிற ஒண்ணு, ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் இந்தக் கணக்குலதான் வருவாங்க. பென்சிலைப் பிடிச்சுக் கையைப் பிடிச்சு எழுத வைக்கணும். அரசாங்கமே அதைப் பார்த்துட்டுத்தான் 2021 அக்டோபர் 27-ல மரக்காணத்துல 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கி, சாயங்கால நேரத்துல தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை அனுப்பிச்சுது. வந்தவங்கள்ல பெரும்பாலும் உன்னை மாதிரிப் பொண்ணுங்கதான். உன் தெருவுல சின்னப் பிள்ளைங்க இருந்தா லிங்க் அனுப்பாதே. திண்ணையில உட்கார வெச்சுச் சொல்லிக் கொடு.

12. ஃபீஸும் நேரமும் முதல் நாளே பேசிடு

"வீட்டுலதானே இருக்கே"ன்னு ராத்திரி பத்து மணிக்கு டவுட் வரும். எட்டு மணிக்கு மேல பதில் கிடையாதுன்னு முதல் நாளே சொல்லு, சொன்னபடி நில்லு. உன் வீட்டுக்காரங்ககிட்டயும் அதே கண்டிப்பு வேணும். கிளாஸ் நேரத்துல "ஒரு டீ போடேன்"ங்கிற பேச்சே வரக்கூடாது.

13. ரெண்டு கிளாஸ் வரலைன்னா அன்னிக்கே போன் போடு

வாரக் கடைசியில பார்த்துக்கலாம்னு தள்ளாதே. வகுப்பறையில காலி பெஞ்சு கண்ணுல படும்; ஆன்லைன்ல ஒரு பேர் காணாம போனா யாருக்கும் தெரியாது. கொரோனா காலத்துல பல பிள்ளைங்க இப்படித்தான் நழுவிச்சு. முதல்ல ரீசார்ஜ் இல்ல, அப்புறம் பாடம் புரியல, அப்புறம் வெட்கம். பையனை வேலைக்கு அனுப்பிட்டாங்க, பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. முதல் வாரத்துலயே ஒருத்தர் கூப்பிட்டுப் பேசியிருந்தா அதுல சில பேர் படிப்பை விட்டிருக்க மாட்டாங்க.

நோட்டுல வருகைப் பதிவு போடு, போன்ல வேணாம். வராத பேரைச் சிவப்புல வட்டமிடு. கூப்பிடும்போது "ஏன் வரல?"ன்னு ஆரம்பிக்காதே, அந்த அம்மா பயந்து போனை வெச்சிடுவாங்க. "நாளைக்கு உங்க போன் எத்தனை மணிக்குச் சும்மா இருக்கும், சொல்லுங்க, அந்த நேரத்துல பத்து நிமிஷம் நானே கூப்பிட்டுச் சொல்லித் தர்றேன்"னு கேளு.